சங்கரன்கோவில் டு நெல்லை: லிட்டருக்கு எத்தனை?

எங்க வீட்டுக் காருக்கு என்னைவிட வயசு அதிகம். 1998 மாடல் மாருதி 800. டி.என். 72 நம்பர் பிளேட். கலர் வெள்ளை... அதாவது, ஒரு காலத்துல வெள்ளை! தாத்தா வாங்கின வண்டி. நான் பொறக்கிறதுக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்துட்டதால, முறைப்படி அது எனக்கு அக்கா.

அந்த அக்காவை வீட்டை விட்டு அனுப்பறதுன்னு இந்த ஆனி மாசம் முடிவாச்சு.

காரணம், எங்க ஆச்சி. ஆச்சிக்குச் சர்க்கரை. கால்ல ஒரு புண், ஆறுவேனான்னு அடம். வாரம் ஒருதரம் சங்கரன்கோவில்ல இருந்து திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். போக வர, ஊருக்குள்ள சுத்தறதையும் சேர்த்தா 120 கிலோமீட்டர். ஒவ்வொரு தடவையும் ஆயிரம் ரூபாய்க்கு மேல பெட்ரோல். அப்பாவுக்கு விசைத்தறி. எங்க ஊர்ல பாதி தெருவுக்குத் தறிச் சத்தம்தான் அலாரம். நூல் விலை ஏறினா கூலி இறங்கும், கூலி ஏறினா ஆர்டர் இறங்கும்னு ஓடுற தொழில். அதுல வாரம் ஆயிரம்னா, சும்மாவா?

"ஆடித் தபசு முடியட்டும். பழைய வண்டி எடுக்கிறவர்ட்ட பேசிட்டேன்"னு சோத்துல கை வச்சுக்கிட்டே சொன்னார் அப்பா.

"அப்ப ஆச்சி?"

"பஸ்லதான். வேற என்ன செய்ய?"

ஆச்சி எதுவும் சொல்லலை. கட்டுப் போட்ட காலை மட்டும் சேலைக்குள்ள இழுத்துக்கிட்டா. நம்ம பஸ் படிக்கட்டு எவ்வளவு உயரம்னு உங்களுக்கே தெரியும். எனக்குச் சோறு இறங்கலை.

"அப்பா, தபசு வரைக்கும் டைம் குடுங்க. மைலேஜை ஏத்திக் காட்டுதேன்."

அப்பா சிரிச்சார். "ஏட்டி, நீ படிக்கிறது பி.காம்!"

சரி, கணக்குதானே? கணக்கையே பாத்துருவோம்!

முதல்ல அளந்து பாரு!

'என் வண்டி இருபது குடுக்கும்', 'என் பைக் அறுபது குடுக்கும்'னு கேன்டீன்ல அளந்து விடுவோமே... அதுல பாதி பேர் அளந்தே பாத்திருக்க மாட்டோம். நானும் அப்படித்தான்.

சரியான வழி ரொம்ப சிம்பிள். டேங்க்கை ஃபுல் பண்ணணும். பங்க்ல 'டக்'குன்னு தானா கட் ஆகுற இடத்தோட நிறுத்திக்கணும், அதுக்கு மேல ரவுண்டா வரட்டும்னு சொட்டு சொட்டா ஊத்தக் கூடாது. மீட்டரைக் குறிச்சுக்கணும். வழக்கம் போல ஓட்டணும். மறுபடி அதே பங்க், அதே பம்ப், அதே 'டக்'. இப்போ எத்தனை லிட்டர் பிடிச்சதோ, அதால ஓடின கிலோமீட்டரை வகுத்தா மைலேஜ். இருநூறு கிலோமீட்டராவது ஓடணும். ரெண்டு லிட்டர் போட்டுட்டு கணக்குப் பார்த்தா, அரை லிட்டர் அங்க இங்க போனாலே விடை தப்பாயிடும்.

மீட்டர் சரியா இருக்கணுமே? அதுக்கும் நம்ம ரோட்டுலயே வழி இருக்கு. ராஜபாளையம் - சங்கரன்கோவில் - திருநெல்வேலி ரோடு மாநில நெடுஞ்சாலை 41. ஓரத்துல பச்சைத் தலை வச்ச கிலோமீட்டர் கல் நிக்கும். (மஞ்சள் தலைன்னா தேசிய நெடுஞ்சாலை. ஜி.கே.வுக்கு வச்சுக்கோங்க!) இருபது கல்லை எண்ணினேன். மீட்டரும் இருபதுதான் ஓடியிருந்துச்சு. ஓட்டை வண்டின்னாலும் பொய் சொல்ற வண்டி இல்லை.

ரெண்டு நெல்லை டிரிப். 240 கிலோமீட்டர். 21.4 லிட்டர். வகுத்துப் பாத்தா... லிட்டருக்கு 11.2. நோட்டுல எழுதி வச்சேன். பரீட்சைல ஃபெயிலான மார்க் மாதிரி இருந்துச்சு.

காந்தம் வேணுமா காந்தம்?

நான் மைலேஜ் தேடுறேன்னு தெரிஞ்சதுமே கிளாஸ்ல ஆளாளுக்கு டாக்டராயிட்டாங்க. "பெட்ரோல் டியூப்ல காந்தம் மாட்டு மச்சி, முப்பது பர்சன்ட் ஏறும்!", "ஒரு மாத்திரை இருக்கு, டேங்க்ல போட்டாப் போதும்!", "தண்ணில ஓடுற கிட் வந்திருக்கு!"

தண்ணின்னதும் எனக்கு எங்க பக்கத்துக் கதைதான் ஞாபகம் வந்துச்சு. சங்கரன்கோவில்ல இருந்து வடக்கே முப்பது கிலோமீட்டர் சொச்சம் போனா ராஜபாளையம். அந்தப் பக்கத்து இடையன்குளத்துக்காரர்தான் ராமர் பிள்ளை. 1996-ல தண்ணியில மூலிகையைப் போட்டு பெட்ரோல் எடுக்கறேன்னு சொல்லி நாட்டையே திரும்பிப் பார்க்க வச்சவர். விஞ்ஞானிகள் முன்னாடி செஞ்சு காட்டச் சொன்னப்போ வேலைக்கு ஆகலை. அப்புறம் அவர் பேர்ல எரிபொருள் விற்பனைக்கும் வந்து, சி.பி.ஐ. வழக்காகி, 2016-ல சென்னை நீதிமன்றம் அவருக்கு மூணு வருஷ சிறைத்தண்டனை விதிச்சது. அப்போ அதை நம்பினவங்க முட்டாள் இல்லை. பெட்ரோல் விலை கழுத்தை நெரிக்கும்போது யாருக்குமே ஒரு அதிசயம் வேண்டியிருக்கு. அன்னிக்கு எனக்கும் வேண்டித்தான் இருந்துச்சு.

ஆனா, யோசிச்சுப் பாருங்க. அந்த வண்டி ஒரு காலத்துல நல்லாத்தானே ஓடிச்சு? தாத்தா காலத்துல பதினாறு, பதினேழு குடுத்ததா அப்பாவே சொல்றார். அப்போ காந்தம் இருந்துச்சா? இல்லையே! புதுசா எதையும் சேர்க்க வேண்டாம். எங்கே தொலைச்சோம்னு தேடினாப் போதும்.

தறிப் பஞ்சும் தொலைஞ்சு போன வால்வும்

ஊருக்குள்ள ஒரு பழைய மெக்கானிக் அண்ணாச்சி இருக்கார். கம்ப்யூட்டர் எல்லாம் கிடையாது. காதை வச்சே வைத்தியம் பார்ப்பார். "என்ன பாப்பா, அப்பா வரலையா?"ன்னு கேட்டுக்கிட்டே பானெட்டைத் திறந்தவர், ஏர் ஃபில்டரை வெளியில எடுத்து என் கைல குடுத்தார்.

ஃபில்டரா அது? தலையணை!

எங்க கார் நிக்கிறது தறிக்கூடத்துக்குப் பக்கத்துல. தறி ஓட ஓடப் பறக்கிற பஞ்சு எல்லாம் வருஷக்கணக்கா அதுக்குள்ள போய் உக்காந்திருக்கு. இன்ஜினுக்கு மூச்சு விடக் காத்து இல்லை. காத்து குறைஞ்சா, கார்புரேட்டர் வண்டியில பெட்ரோல் விகிதம் கூடும். புது மாடல் வண்டிகள்ல சென்சார் இருக்கு, காத்துக்குத் தக்கபடி பெட்ரோலையும் குறைச்சுக்கும். நம்ம அக்காவுக்கு அந்தப் புத்தி கிடையாது. அமெரிக்காவுல ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் இதையே சோதனை பண்ணிப் பார்த்திருக்கு. புது வகை இன்ஜின்ல அடைச்ச ஃபில்டரை மாத்தினா மைலேஜ் ஏறலை. பழைய கார்புரேட்டர் வண்டியில 2-ல இருந்து 6 சதவீதம் வரைக்கும் ஏறிச்சு. ஆக, பழைய வண்டின்னா இது முதல் வேலை.

அடுத்தது ஸ்பார்க் பிளக். மூணு சிலிண்டர், மூணு பிளக். மூணும் கரி அடுப்புல வச்சு எடுத்த மாதிரி கறுப்பு. "பெட்ரோல் முழுசா எரியலைம்மா. பாதி சைலன்சர் வழியா போகுது"ன்னார். சோக் கேபிள் வேற பாதியிலேயே மாட்டி நிக்குது. குளிர்ல ஸ்டார்ட் பண்றதுக்கு இழுக்கிற சோக், அது உள்ள போகாம நின்னா நாள் முழுக்க வண்டி கூடுதலா குடிக்கும். எங்க ஊர்ல குளிரே கிடையாது!

மூணாவதுதான் சஸ்பென்ஸ். அண்ணாச்சி இன்ஜின் பக்கம் ஒரு மூடியைக் கழட்டினார். உள்ளே எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "தெர்மோஸ்டாட் எங்க?"

நான் எதையும் எடுக்கலையே!

விஷயம் இதுதான். என்னிக்கோ ஒரு நாள் வண்டி ஹீட் ஆயிருக்கு. எங்கேயோ ஒரு ஒர்க்‌ஷாப்ல, 'இந்த வால்வைக் கழட்டிட்டா ஹீட்டே ஆகாது'ன்னு கழட்டி எறிஞ்சிருக்காங்க. பழைய வண்டிக்காரங்க நிறைய பேர் வீட்டுல நடந்திருக்கிற கதை. தெர்மோஸ்டாட்டோட வேலை என்னன்னா, இன்ஜின் தேவையான சூட்டுக்கு வர்ற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்குப் போக விடாம தடுக்கிறது. அது இல்லைன்னா இன்ஜின் எப்பவும் அரைச் சூட்டுலேயே ஓடும். சூடு இல்லாத இன்ஜின்ல பெட்ரோல் சரியா ஆவியாகாது. ஆயிலும் கெட்டியாவே இருந்து இன்ஜினை இழுத்துப் பிடிக்கும். காய்ச்சல் வருதுன்னு குழந்தையை ஃப்ரிட்ஜ்ல வச்சு வளர்க்கிற மாதிரி! ஹீட் ஆனா ரேடியேட்டரை, ஃபேனை, தண்ணி ஒழுகுறதைப் பார்க்கணும். வால்வைக் கழட்டினா வியாதி போகாது.

புது வால்வு போட்டாச்சு. ரேடியேட்டரைச் சுத்தம் பண்ணியாச்சு. பிளக் மாத்தி, கார்புரேட்டரைக் கழுவி, ஐடிலிங்கை இறக்கி வச்சார். டயர் காத்தையும் பார்த்தோம். மேனுவல் சொல்ற அளவைவிட நாலு சக்கரத்துலயும் 8 பி.எஸ்.ஐ. கம்மி! அமெரிக்க அரசோட எரிபொருள் கையேட்டுக் கணக்குப்படி, ஒவ்வொரு 1 பி.எஸ்.ஐ. குறைவுக்கும் சுமார் 0.2 சதவீதம் மைலேஜ் போகும். அப்போ 1.6 சதவீதம் சும்மா காத்துல போயிருக்கு. காலையில, வண்டி ஓடறதுக்கு முன்னாடி காத்துப் பிடிக்கணும். நம்ம ஊர் வெயில்ல ஓடி வந்த டயர்ல அளந்தா கூடுதலாத்தான் காட்டும்.

டிக்கியைத் திறந்தா, பழைய பாவு உருளை ஒண்ணு, சேலை பண்டல் ரெண்டு, ஒரு மூட்டை நூல் கோன். மொத்தமே 650 கிலோ சொச்சம் இருக்கிற வண்டியில நாப்பது கிலோ சும்மா சவாரி! எல்லாத்தையும் இறக்கினேன்.

கழுகுமலையில் ஒரு கண்டுபிடிப்பு

ஒர்க்‌ஷாப்ல இருந்து எடுத்ததும் ஒரு டிரையல் போகணுமே? மறுநாள் காலையில அப்பாவும் நானும் என் காலேஜ் ரூட்லயே, கோவில்பட்டி ரோட்டுல கிளம்பினோம். பாதி வழியில கழுகுமலை. ஊரை நெருங்கும்போதே தூரத்துல பாறை எழுந்து நிக்கும். மேல வெட்டுவான் கோயில். எட்டாம் நூற்றாண்டுல பாண்டியர் காலத்துல ஒத்தைப் பாறையை மேலே இருந்து கீழே செதுக்கிக்கிட்டே வந்து, முடிக்காமலே விட்ட கோயில். பக்கத்துல சமண தீர்த்தங்கரர் சிற்பங்கள். காலேஜ் பஸ்ல தினம் தாண்டிப் போற ஊர்தான். இறங்கிப் பார்த்ததே ரெண்டு தடவை. நீங்களாவது இறங்கிப் பாருங்க.

மலையடிவாரத்துல வண்டியை நிறுத்தினதும் அப்பா அண்ணாச்சி சொல்லி அனுப்பின வேலையை ஆரம்பிச்சார். ஒவ்வொரு சக்கரத்துக்கிட்டயும் உள்ளங்கையைக் கொண்டு போனார், தொடாம. மூணு சக்கரம் இளஞ்சூடு. இடது பின் சக்கரம் மட்டும் தோசைக்கல்! ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகிப் போய், பிரேக் முழுசா விடாம பிடிச்சுக்கிட்டே வந்திருக்கு. அதாவது, இத்தனை நாளா பிரேக்கை அமுக்கிக்கிட்டே ஆக்ஸிலேட்டரையும் அமுக்கியிருக்கோம்!

இதைச் செஞ்சு பார்க்க பைசா செலவில்லை. பிரேக் அதிகம் போடாம பத்து கிலோமீட்டர் ஓட்டி, மெதுவா நிறுத்தி, கையைப் பக்கத்துல கொண்டு போங்க. பைக்குக்கும் இதே டெஸ்ட் செல்லும். ஒரு சக்கரம் மட்டும் சுட்டா, அங்கேதான் உங்க பாக்கெட் மணி எரியுது!

கேபிளைச் சரி பண்ணி, அடுத்த ரெண்டு நெல்லை டிரிப். அதே 240 கிலோமீட்டர், 17.6 லிட்டர். லிட்டருக்கு 13.6.

"பரவால்லியே..."ன்னார் அப்பா. ஆனா, வண்டி எடுக்கிறவர்ட்ட 'வேண்டாம்'னு சொல்லலை.

அம்மி பறக்கும்... மைலேஜும்!

இதுக்குள்ள ஆடி பொறந்துருச்சு. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்பாங்க. எங்க பக்கம் அது பழமொழி இல்லை, வானிலை அறிக்கை! செங்கோட்டைக் கணவாய் வழியா புகுந்து வர்ற மேகாத்து பொட்டல்காட்டுல வந்து விரிஞ்சிடும். அதனாலதான் தேவர்குளம், கயத்தாறு, சுரண்டைன்னு சுத்துவட்டாரம் முழுக்க காத்தாலை. நெல்லை ரோட்டுல பனவடலிசத்திரம் தாண்டினா ராட்சசக் கை மூணு மூணா சுத்திக்கிட்டே நிக்கும்.

காத்தாலைக்குக் கொண்டாட்டம், காருக்குத் திண்டாட்டம். கோவில்பட்டி ரோடு கிழக்கு மேற்கா கிடக்கு. காலையில காலேஜுக்குப் போகும்போது காத்து முதுகைத் தள்ளும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது நெஞ்சுல கை வச்சுத் தள்ளும். அதே ரோடு, அதே வண்டி. ஆக்ஸிலேட்டர்ல இருக்கிற கால் மட்டும் வித்தியாசத்தைச் சொல்லும்.

இங்க ஒரு சின்ன ஃபிசிக்ஸ். காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல கூடும். 50-ல போறதுக்கு 80-ல போனா, வேகம் ஒண்ணரை மடங்கு சொச்சம்தான், எதிர்ப்போ ரெண்டரை மடங்கு. அதே 50-ல போகும்போது எதிர்ல 25 கிலோமீட்டர் வேகத்துல காத்து அடிச்சா, வண்டியைப் பொறுத்தவரை அது 75. எதிர்ப்பு ரெண்டேகால் மடங்கு! பாவம், 37 குதிரைத்திறன் வண்டி. பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் பல வருஷமா '45-ல இருந்து 55 கிலோமீட்டர் வேகத்துல ஓட்டுங்க'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கிறது இதனாலதான்.

அப்பா எப்படி ஓட்டுவார்? பனவடலி தாண்டினா 80. லாரி பின்னாடி போய் ஒரு சடன் பிரேக். மறுபடி 80. பெட்ரோலை எரிச்சு வேகத்தைச் சம்பாதிச்சு, அதை அப்படியே பிரேக்குல உரசித் தொலைக்கிறது. வண்டியை ரிப்பேர் பண்ணியாச்சு. இப்போ டிரைவரை ரிப்பேர் பண்ணணும்! அப்பாட்ட யார் சொல்றது?

ஆச்சியின் தூக்குவாளி

ஆச்சிதான் வழி காட்டினா, தெரியாமலே.

ஆஸ்பத்திரி போற அன்னிக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆச்சி மடியில ஒரு தூக்குவாளி இருக்கும். அதுல ரசம். அதோட மூடி சரியா உக்காராது. அப்பா சடன் பிரேக் போட்ட ஒவ்வொரு தடவையும் ஆச்சி சேலையில கொஞ்சம். "ஏல, மெள்ளப் போயேம்ல! ரசம் பூரா எம் மேலதான்"னு ஆச்சி கத்த, அப்பா காதுல விழாது.

அடுத்த டிரிப்ல நான் சொன்னேன்: "அப்பா, ஒரு பந்தயம். நெல்லை போய்ச் சேருற வரைக்கும் ரசம் ஒரு சொட்டு சிந்தக் கூடாது. சிந்தாம ஓட்டிட்டா, நான் வாயை மூடிக்கிடுதேன். அடுத்து நீங்க என்ன சொன்னாலும் சரி."

அவ்வளவுதான்! அப்பாவோட காலே மாறிப் போச்சு. தூரத்துல ஆட்டு மந்தை தெரிஞ்சதுமே ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தார். தேவர்குளம் வேகத்தடைக்கு வண்டி தானே ஊர்ந்து வந்துச்சு. முன்னாடி போற பஸ்ஸுக்குப் பின்னாடி இடம் விட்டுப் போனார். நாலாவது கியர், 50 - 55. மானூர் தாண்டும்போது ஆச்சி தூங்கியே போயிட்டா. தூக்குவாளி அப்படியே மடியில.

முன்னாடி ஒண்ணேகால் மணி நேரத்துல போவோம். அன்னிக்கு ஆனது ஒண்ணரை மணி நேரம். 80-ல பறந்து நாம மிச்சம் பிடிச்சதெல்லாம் வெறும் கால் மணி நேரம்தான்!

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். மிச்சம் பிடிக்கிறேன்னு இறக்கத்துல நியூட்ரல் போடறது, சாவியையே ஆஃப் பண்றது... இந்த ஹீரோத்தனம் எல்லாம் வேண்டவே வேண்டாம். இன்ஜின் பிடி இல்லாத வண்டிக்கு பிரேக் மட்டும்தான் கதி. சாவியைத் திருப்பினா ஸ்டீயரிங் லாக் ஆகலாம். மைலேஜ் பார்க்கிறதே பத்திரமா வீடு வந்து சேரத்தான்.

ரெண்டு டிரிப் முடிஞ்சது. பங்க். அதே பம்ப். 'டக்'. 15.2 லிட்டர். செல்போன்ல வகுத்தேன். அப்பா மனசுலயே வகுத்துட்டார்.

லிட்டருக்கு 15.8. அதுவும் ஆடிக் காத்துல!

உண்மையையும் சொல்லணும்ல...

'ரெண்டு மடங்கு ஏத்திட்டேன்'னு கதை விட மாட்டேன். தாத்தா காலத்துப் பதினேழை இனி பார்க்க முடியுமான்னு சந்தேகம்தான். அதுக்கு ஒரு காரணம் டேங்க்குக்குள்ளேயே இருக்கு. 2025-ல நாடு முழுக்க பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் கலக்கிற நிலை வந்தாச்சு. கரும்பு, மக்காச்சோளம், அரிசியில இருந்து எடுக்கிற எத்தனால். வாசுதேவநல்லூர் பக்கம் ரோட்டோரக் கரும்பைப் பார்க்கும்போதெல்லாம் இப்போ எனக்கு பெட்ரோல் பங்க் ஞாபகம்தான் வருது. இறக்குமதி எண்ணெய் குறையும், கரும்பு விவசாயிக்கு ஒரு வழி பிறக்கும்... நல்ல விஷயம்தான். ஆனா, லிட்டருக்கு லிட்டர் பார்த்தா எத்தனால்ல இருக்கிற சக்தி பெட்ரோலைவிட மூணுல ஒரு பங்கு கம்மி. நிதி ஆயோக்கோட 2021 அறிக்கையே, இ-20-க்காக வடிவமைக்காத பழைய வகைக் கார்கள்ல 6-ல இருந்து 7 சதவீதம் மைலேஜ் குறையலாம்னு சொல்லியிருக்கு. பழைய ரப்பர் டியூபையும் எத்தனால் அரிக்கும். அதனால அண்ணாச்சி பெட்ரோல் டியூபை எல்லாம் மாத்திவிட்டுட்டார். பழைய வண்டி வச்சிருக்கிற எல்லாரும் பெட்ரோல் வாடை வருதான்னு அடிக்கடி பாருங்க. அது மைலேஜ் விஷயம் இல்லை, உயிர் விஷயம்.

கணக்குக்கு வருவோம். முன்னாடி ஒரு நெல்லை டிரிப்புக்கு 10.7 லிட்டர். இப்போ 7.6. லிட்டர் நூறு ரூபாய்னு வச்சாக்கூட, டிரிப்புக்கு 310 ரூபாய் மிச்சம். மாசம் நாலு டிரிப்னா 1,240. ஒர்க்‌ஷாப் செலவு மூவாயிரத்துச் சொச்சம். மூணு மாசத்துல போட்ட காசு கைக்கு வந்துடும். பி.காம் படிச்சதுக்கு இதுக்கு மேல என்ன பிராக்டிகல் வேணும்?

தபசுக் காட்சி

ஆடித் தபசு அன்னிக்கு எங்க ஊரைப் பார்க்கணுமே! ரத வீதியில எள் போட்டா எள் விழாது. சங்கன், பதுமன்னு ரெண்டு நாக அரசர்கள், சிவன் பெருசா விஷ்ணு பெருசான்னு சண்டை போட்டாங்களாம். கோமதி அம்மன் ஒத்தைக் கால்ல தபசு இருக்க, ரெண்டு பேரும் ஒரே உடம்புல சங்கரநாராயணரா வந்து நின்னாராம் சாமி. அதைப் பார்க்கத்தான் அவ்வளவு கூட்டம். காட்டுல விளைஞ்ச பருத்தி, மிளகாய் வத்தலை எல்லாம் தூக்கி வீசி அம்மனுக்குப் போடுவாங்க.

ஆச்சியால இந்தத் தடவை கூட்டத்துக்குள்ள போக முடியலை. காரைத் தெரு முனையில நிறுத்தி, கதவைத் திறந்து வச்சு, முன் சீட்டுல உக்கார வச்சோம். கால் நீட்டிக்க ஒரு ஸ்டூல். அங்கிருந்தே கும்பிட்டா. நான் உள்ளே போய் புத்து மண்ணு வாங்கிட்டு வந்து குடுத்தேன். எங்க ஊர்ல எந்த நோவுக்கும் அதுதான் முதல் மருந்து. ஆச்சி நெத்தியில கொஞ்சம் பூசிக்கிட்டா. புண்ணு பக்கம் கொண்டு போகக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்துச்சு போல. மிச்சத்தை, கார் டேஷ்போர்டுல ஒரு கோடு இழுத்துவிட்டா.

அப்பா செல்போன் அடிச்சது. எடுத்து, "ஆமா அண்ணாச்சி... இல்ல, இப்போதைக்குக் குடுக்கலை. எஃப்.சி. 2028 வரைக்கும் இருக்கு. அப்பப் பாப்போம்"னு சொல்லிட்டு வச்சார். என் பக்கம் திரும்பவே இல்லை.

திரும்பும்போது சாவியை என்கிட்ட நீட்டினார். "ஓட்டு. ஆனா ஒண்ணு..."

"என்னப்பா?"

"ஆச்சி கைல பாயசம் இருக்கு. சிந்துச்சுன்னா தெரியும் சேதி!"